பெட்டிக்குள் யானை

கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கிற தொழிலில், அட்டை கையை விட்டுப் போகும்வரைக்கும் ஒரு பயம், போன பிறகு இன்னொரு பயம். மட்டக்களப்பில், வாவிப் பக்கம் பார்த்த எங்கள் வீட்டு முன் அறையில் நாலு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கூட வேலை செய்பவள் காத்தான்குடிப் பஸ்லியா. வெட்டுவதில் அவள் கெட்டிக்காரி, பயப்படுவதில் நான். உங்களிலும் விரலில் கம் பசை காயாத ஆட்கள் சிலர் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது, ஆனாலும் கேளுங்கள்.

காய்ந்த பூ

ஆரம்பத்தில் பூ ஒட்டிய அட்டைகளில் எனக்குப் பைத்தியம். கடதாசிப்பூவையும் பன்னச் செடியின் இளம் இலையையும் பழைய டெலிபோன் புத்தகத்துக்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிக் காயவிடுவேன். கம் போத்தல் முடிந்திருந்த ஒரு கிழமையில் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி ஒட்டிப் பார்த்தேன். வடிவாகத்தான் பிடித்தது. வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண், மாற்றலாகிப் போகிற தன் மனேஜருக்குப் பெரிய அட்டை ஒன்று கேட்டிருந்தா. அதற்கும் அதே பசைதான்.

அது மாரிக் காலம். வாவிக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கடதாசிக்குள் ஏற்றிவிடும். அட்டையை மூன்று நாள் அலுமாரிக்குள் வைத்திருந்துவிட்டு, அவ வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். விரித்தா. பூவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக, கடுகிலும் சின்னதாக ஐந்தாறு பூச்சிகள் வெளியே வந்து, "தங்கள் சேவைக்கு நன்றி" என்ற வரியின் மேல் ஊர்ந்தன. புதிதாகச் செய்து தாறன், ஒரு மணித்தியாலம் தாங்க என்று கெஞ்சினேன். அவ அட்டையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, கடையில் அச்சடித்த அட்டை வாங்கப் புறப்பட்டா. வாசலில் திரும்பி நின்று சொன்னது இதுதான்: "நான் பூ மட்டும்தானே மிஸ் கேட்டன், உயிரோட ஒண்டும் கேக்கல்லயே."

பொன் எழுத்து

எழுத்தின் மேல் பொன் பொடியைத் தூவிச் சூடு காட்டினால், உருகிப் புடைத்து நிற்கும். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்த பொடி, சுண்டுவிரல் அளவு போத்தல், ஒன்றே ஒன்று. டொரின் அன்ரி தன் ஐம்பதாவது கலியாண நாளுக்கு, "50" என்று பொன்னில் எழுதி அட்டை கேட்டிருந்தா. பறங்கிக் குடும்பம். அவவின் பிள்ளைகள் எல்லாரும் அவுஸ்திரேலியாவில். அட்டையைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தா.

அந்தப் பொடிக்குச் சூடு காட்ட என்று தனி மெஷின் இருக்கிறது. என்னிடம் இருந்ததோ தலைமயிர் காயவைக்கும் ஹெயார் டிரையர். சூடு சூடுதானே என்று நினைத்தேன். அன்ரி சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்து கதிரையில் இருந்துவிட்டா. அவ பார்த்துக்கொண்டிருக்க, சுவிட்சைப் போட்டேன். உருகும் என்று நினைத்த பொடி அப்படியே எழும்பிப் பறந்து, எதிரே நின்ற பஸ்லியாவின் கறுப்பு ஹபாயாவில் போய்ப் படிந்தது. அவள் நட்சத்திரம் பூத்த வானம் மாதிரி அசையாமல் நின்றாள். "அசையாத புள்ள, அசையாத" என்று சொல்லிச் சொல்லி, தூரிகையால் அவள் ஹபாயாவிலிருந்து பொடியைத் தட்டிக் கடதாசியில் சேர்த்தேன். பிறகு அட்டையைப் பாண் வாட்டும் ரோஸ்டருக்கு மேலே பிடித்து, கீழிருந்து சூடு காட்டினேன். ஐந்து நன்றாகப் புடைத்தது. பூச்சியம் பாதியில் நின்றுவிட்டது, பொடி காணவில்லை.

அன்ரி அந்தப் பாதிப் பூச்சியத்தை விரலால் தடவிப் பார்த்தா. ஏசப்போகிறா என்று குனிந்து நின்றேன். "ஐம்பது வருஷத்தில எனக்கெண்டு வந்த பொன்னே இவ்வளவுதான், அதையும் ஊதி விட்டுட்டியா மகள்?" என்றா.

ஒழுங்கு

என் பயங்களுக்கெல்லாம் காரணம் சாமான்கள் சிதறிக் கிடப்பதுதான் என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தேன். மூன்று நாள் வேலையை நிறுத்தினோம். பிஸ்கட் டின், ஐஸ்கிறீம் பெட்டி, சப்பாத்துப் பெட்டி எல்லாம் சேர்த்தோம். ரிபன் நிறப்படி, கடதாசி தடிப்பின்படி, முத்துகள் அளவின்படி. செய்து முடித்த அட்டைகளை வைக்க என்று ஒரே அளவான வெள்ளைப் பெட்டிகள். மற்றவை எல்லாவற்றிலும் வடிவாகப் பெயர் எழுதி ஒட்டினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நாலாம் நாள் வந்தாறுமூலைக் கெம்பஸ் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். ஓய்வு பெறுகிற விரிவுரையாளருக்கு அட்டை. இரண்டு மணிக்குக் கூட்டம், இப்போது பன்னிரண்டு. நீல நூல் தேவை. "நூல்" என்று எழுதிய டின்னைத் திறந்தேன், ஊசிதான் இருந்தது. "நீலம்" என்று எழுதிய பெட்டியில் ரிபன். பஸ்லியா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நாற்பது மூடிகளைத் திறந்து திறந்து மூடினோம். பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் நூல் "பலதும்" என்ற டின்னில் இருந்தது. வெளியே ஓடுகிற அவசரத்திலும் ஒரு பிள்ளை நின்று கேட்டது: "அக்கா, முந்தி எல்லாம் குப்பையாக் கிடந்த நேரம் நீங்க பத்து நிமிஷத்தில தந்தீங்களே, இப்ப என்ன நடந்த?"

யானை போன இடம்

அந்த ஒரே அளவான வெள்ளைப் பெட்டிகள் செய்த வேலையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். வாழைச்சேனையிலிருந்து வேலுப்பிள்ளை ஐயா வந்திருந்தார். கடதாசி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு அட்டை நாற்பது வேண்டும் என்றார். ஒவ்வொரு கடதாசியாக விரலுக்கிடையில் உரசிப் பார்த்துச் சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தெரிவு செய்தார். அதில் வெள்ளைத் தாமரை வெட்டி ஒட்டினோம். அதே கிழமை ஆரையம்பதியிலிருந்து சுகந்தி ரீச்சரின் வேலையும் வந்தது. மகனுடைய முதலாவது பிறந்தநாளுக்கு முப்பது அட்டை, திறந்தால் பலூன் பிடித்த யானை ஒன்று துள்ளி எழும்ப வேண்டும்.

இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. ஐயாவின் பெட்டியை நானே கொண்டுபோய் வாழைச்சேனை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பஸ்லியா ரிபனும் கையுமாக, மற்றப் பெட்டியைத் திறந்தபடி நின்றாள். "அக்கா, தாமரை இஞ்ச இரிக்கி" என்றாள்.

செத்த வீட்டுக்கு யானை போகிறது. ஐயாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுகாவும் அடித்தேன், எடுக்கவில்லை. தாமரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓட்டோவில் ஏறினோம். பஸ்லியா வழிநெடுக ஓதிக்கொண்டே வந்தாள். ஏறாவூர் தாண்டியது, வந்தாறுமூலை தாண்டியது, முன்னால் தெரிந்த ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தேன். எங்கள் பஸ்ஸைக் காணவே இல்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது, என்ன சொல்லி வாய் திறப்பது என்று ஒரு வசனம்கூட எனக்கு அமையவில்லை.

வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் ஐயா இருந்தார், பக்கத்தில் அவருடைய மகள். பெட்டி திறந்து கிடந்தது. அந்தப் பெண்ணின் கையில் யானை நின்றது. கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது. நான் வாசலிலேயே நின்று, "ஐயா, பெரிய பிழை செய்துபோட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். பஸ்லியா தாமரைப் பெட்டியை நீட்டினாள். ஐயா ஒரு அட்டையை எடுத்து, பழையபடி விரலுக்கிடையில் உரசிப் பார்த்து, தாமரையைப் பார்த்து, தலையாட்டினார். நாங்கள் யானைகளை அள்ளிப் பெட்டிக்குள் வைத்தோம். மகளின் கையில் இருந்ததைப் பார்த்தபடி பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா அதைக் கவனித்துவிட்டார். "அத மட்டும் விட்டுட்டுப் போ புள்ள. தாய் போன நாளில இருந்து வாய் திறக்காத என்ட மகள், அது துள்ளினதப் பாத்துத்தான் இண்டைக்குச் சிரிச்ச, மறுகா அழுத."

முப்பதாவது

ஆக, சுகந்தி ரீச்சருக்கு யானை ஒன்று குறைந்தது. யானைகள் வெட்டிய சாம்பல் கடதாசி தீர்ந்திருந்தது. கொஞ்சம் நீலம் ஓடிய கடதாசியில் புதிதாக ஒன்று வெட்டினேன். கண்டுபிடித்துவிடுவா என்ற பயத்தில் தும்பிக்கையை நாலு தரம் வெட்டினேன், காதுக்கு மடிப்பு வைத்தேன், நகம்கூட வரைந்தேன். மற்றவற்றுக்கு நகம் இல்லை. அதை நடுவில் ஒளித்து வைத்துக் கொடுத்தேன்.

ரீச்சர் ஆசிரியை அல்லவா, முப்பதையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திறந்தா. என் யானை எழும்பியது. ரீச்சரின் விரல் அதில் வந்து நின்றது. நான் பஸ்லியாவைப் பார்த்தேன், பஸ்லியா வீட்டு முகட்டைப் பார்த்தாள். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டா: "இது ஒண்டுதான் யானை மாதிரி இரிக்கி, மத்த இருபத்தொன்பதும் ஏன் மிஸ் பன்றி மாதிரி இரிக்கி?"

நான் பயந்து பயந்து ஒட்டின இடத்தில் இதுவரை ஒருவரும் குறை கண்டதில்லை, நிம்மதியாக ஒட்டின இடத்தைத்தான் எல்லாரும் விரல் வைத்துக் காட்டுகிறார்கள் என்பதால், இந்தத் தொழிலில் இருக்கும்வரைக்கும் நிம்மதியை அலுமாரிக்குள் பூட்டி வைப்பதுதான் புத்தி.