நாலு ஜிபியில் ஒரு கல்யாணம்

பக்கத்து வீட்டு மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்கால் வழக்கில் 'சொல்தா'. அவருடைய பேத்திக்குப் பிரான்சில் கல்யாணம்; அங்கே நகராட்சியில் வைத்து மேயர்தான் நடத்திவைப்பார். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணில் புரை வேறு. கைபேசியில் பார்த்தால் மாப்பிள்ளை எது, மேயர் எது என்று தெரியாது. ஆகவே அவர் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, டிவியில் இணைத்து, நேரடியாகக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமலேயே வாக்குக் கொடுப்பது என் நெடுநாள் பழக்கம்.

கல்யாணம் நம் நேரத்துக்கு இரண்டரை. இரண்டு மணிக்கு ஒத்திகை பார்த்தோம். வீடியோ அழைப்பைத் திறந்ததும் லேப்டாப் உறைந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் வட்டு மட்டும் கரகரத்தது.

"மாவு மில்லு மாதிரி சத்தம் வருதே தம்பி" என்றார் மாமா.

நினைவகம் நாலே ஜிபி. அது நிரம்பினால் லினக்ஸ் மிச்சத்தை வட்டில் ஸ்வாப் என்ற இடத்துக்கு அனுப்பும். பஸ்ஸில் மூட்டையைக் கூரைமேல் ஏற்றுகிற மாதிரி. பயணி ஒவ்வொரு தடவை கைக்குட்டை எடுக்கவும் ஏணியில் ஏறி இறங்கினால் பஸ் பக்கத்திலிருக்கிற பூவம் போய்ச் சேர்ந்த மாதிரிதான். இன்னொரு வழி ஜிராம். எதையும் வெளியே அனுப்பாமல் நினைவகத்துக்குள்ளேயே அமுக்கி வைப்பது. "உள்ள தள்ளி நில்லுங்க" என்று கண்டக்டர் கத்துவாரே, அதேதான். புராசஸருக்குக் கொஞ்சம் தொண்டை கட்டும். பஸ் ஓடும்.

முந்தின நாளே அதை நிறுவத்தான் உட்கார்ந்தேன். லேப்டாப்பின் விசைப்பலகை பிரெஞ்சு. நான் போட்ட லினக்ஸோ அதை இங்கிலீஷ் என்று நம்பிக்கொண்டிருந்தது. இசட்டைத் தட்டினால் டபிள்யூ, ஏ-வைத் தட்டினால் க்யூ. கடுப்பாகி, அமைப்பைப் பிரெஞ்சுக்கு மாற்றினேன். அந்த வெற்றியில் டீ குடிக்கப் போனவன், ஜிராமை மறந்தே போனேன்.

இப்போது வீடியோவை ஒருவழியாக மூடிவிட்டு, நிறுவும் கட்டளையைக் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. ஊர்ப் பெயர்தான்; பாதுகாப்பில் நான் அவ்வளவு கறார். இங்கிலீஷ் எழுத்துகளில் அடித்தேன். தப்பு என்றது. மூன்று தரம். அடிப்பது என்னவென்று திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாது அந்தச் சனியன்.

மணி இரண்டு இருபது. கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்த மாமா, "முடியலன்னா விடுங்க தம்பி, போட்டோ அனுப்புவாங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கல்யாணம் பார்க்க என்னோடு வந்திருந்த என் மனைவி கேட்டாள்: "கடவுச்சொல்ல வச்சப்ப ஏ அடிச்சா என்னங்க விழுந்துச்சு?"

"க்யூ."

"அப்ப அதுக்குத் தெரிஞ்சது க்யூதானே? நேத்து நீங்க மாத்துற வரைக்கும் தப்பா அடிச்சுத்தான் தொறந்துச்சு. இன்னைக்கும் தப்பாவே அடிங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

மூன்று ஏ-வுக்கும் க்யூ அடித்தேன். திறந்தது. ஜிராமை ஏற்றி, வட்டு ஸ்வாப்பை நிறுத்தி, அழைப்பைத் திறந்தேன். கரகரப்பு இல்லை. டிவி நிறைய 'மேரி'. நகராட்சியை இங்கே பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். மேயர், சம்மதமா என்று பெண்ணைக் கேட்டார். அவள் கண் கலங்கி, மூச்சை இழுத்தாள்.

"வி!" என்றார் மாமா.

பிரெஞ்சில் சம்மதம். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். மண்டபமே சிரித்தது. பேத்தியும் சிரித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு 'வி' சொன்னாள். எதைப் பதிவது என்று மேயர் ஒரு கணம் யோசித்த மாதிரிதான் தெரிந்தது.