நாற்பது கவளம்

முகத்துவாரக்குப்பத்து மீன்காரி பவானிக்கு வாய் அதிகம், பயம் கம்மி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை மட்டும் இல்லை. நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்பும், வருஷத்தில் இரண்டே முறை எட்டிப் பார்க்கும் மாதவிலக்கும்தான் காரணம் என்றார் டாக்டர். துணிந்து ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சுருக்கிக்கொண்டாள்.

"ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாதும்மா. உடம்பு தேறணும், அதுவரை பாதுகாப்பா இரு."

"ஓடாத பஸ்ஸுக்கு யார்னா பிரேக் போடுவாங்களா டாக்டர்?" என்று சிரித்துவிட்டு வந்தாள் பவானி.

பஸ் ஓடியது. எடை இறங்க இறங்க மாதவிலக்கு தேதி தவறாமல் வந்தது; ஆபரேஷன் ஆன பத்தாம் மாதம் நின்றது. கூடவே வாந்தி. தையல் பிரிந்துவிட்டதென்று புருஷன் பொன்ராஜ் அலறியடித்து ஆட்டோ பிடித்தான். ஸ்கேனில் தெரிந்ததோ எட்டு வாரக் கரு.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டுச் சத்து மாத்திரைகள் எழுதினார். சுருக்கிய இரைப்பைக்கு இனிப்பு ஆகாது, மயக்கம் வரும்; முட்டை, மீன், பருப்பு என்று ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். ஆறாம் மாத ஸ்கேனில் குழந்தையின் எடை குறைவு. கைப்பிடியளவு வயிற்றை வைத்துக்கொண்டு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று பவானியே பயந்து போனாள்.

ஏழாம் மாதம் குப்பத்தில் வீட்டுக்கு ஒருத்தி வந்து பிள்ளைத்தாச்சிக்கு ஒரு கவளம் ஊட்டுவாள். மறுத்தால் சாகும்வரை பகை. நாற்பது வீடு, பாதிக்கு மேல் சர்க்கரைப் பொங்கல். ஐந்தாவது கவளத்தில் பவானிக்கு வியர்த்துப் படபடத்துக் கண் இருட்டியது. ஆபரேஷனைப் பற்றி ஊரெல்லாம் குறை சொன்ன மாமியார் முத்தம்மாதான் பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள்.

"நிறுத்துங்கடி! நாப்பது பேரு ஊட்ட அதுக்கு வயிறு கீதா? சட்டிய மூடிகினு போங்க. நாளைலேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு வூடு. முட்டையோ நெத்திலியோ எடுத்துகினு வாங்க. வெல்லம் வந்துச்சு, மூஞ்சிலயே பூசிடுவேன்!"

முறைத்துக்கொண்டுதான் போனார்கள். ஆனாலும் மறுநாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அவித்த முட்டையோடு வந்தாள். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தாக நாற்பது நாளும் கவளம் வந்தது. பவானி மென்று மென்று தின்றாள்.

பெண் குழந்தை பிறந்தது, இரண்டரைக் கிலோ. அதைக் கேட்டதும் பவானி குலுங்கி அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களோ, யார் வீட்டு முட்டையில் வளர்ந்த பிள்ளை என்று சண்டைக்கு நின்றார்கள்.

"சரி, கொயந்த யாரு ஜாடை?" என்றாள் கன்னியம்மா.

பவானி மூக்கைச் சிந்தினாள். "அத ஏன் என்னாண்ட கேக்கற? வளத்தது நீங்க. தூக்கிப் பாத்து நீங்களே சொல்லுங்கடி."