மடையான் 41, கொட்டகையில் 6

புது மாப்பிள்ளைக்கு வைக்கும் கறிவிருந்துக்கு எங்கள் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். நீந்துவது ஒன்று, நடப்பது ஒன்று, பறப்பது ஒன்று, மூன்றும் இலையில் இருக்க வேண்டும். நீந்துவதற்கு விரால், நடப்பதற்கு வெள்ளாடு. இவற்றில் சிக்கல் இல்லை. பறப்பதற்குக் கோழியைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். வேலியைத் தாண்டத் திணறுகிற ஜீவன் எப்படிப் பறவையாகும் என்று கேட்பார். அதனால் எங்கள் வீட்டு விருந்தில் பறப்பது என்றால் மடையான்தான். வரப்பில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்துவிட்டு, கிட்டே போனதும் வெள்ளை இறக்கையை விரித்துக் கிளம்புமே, அந்தச் சின்னக் கொக்கு.

அந்தத் தை மாதம்தான் அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தை அப்பாவைவிடப் பதினான்கு வயது இளையவள். தாய் தகப்பன் முன்பே போய்விட்டதால் அவளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தது அப்பா. கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஊரே சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விருந்தில் ஒரு பதார்த்தம் குறைந்தாலும் 'பெத்தவங்க இருந்திருந்தா' என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தார். விருந்துக்கு நாள் குறித்ததிலிருந்து அவர் பேச்செல்லாம் விரால், ஆடு, மடையான் என்றே இருந்தது.

மாமா, அதாவது அத்தை வீட்டுக்காரர், பட்டுக்கோட்டையில் தபால் ஆபீஸில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரோடு ஏரி ஏரியாகப் போய்ப் பறவை பார்ப்பார் என்று தரகர் சொல்லியிருந்தார். சீட்டாடப் போகிற மாப்பிள்ளைக்கு இது தேவலை என்று அப்பா அதை ஒரு நற்குணமாகவே எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர் ஏரிக்கும் மாமா பெண் பார்க்க வருவதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே வந்துகொண்டிருந்தார். ஏரிக்கு அரை மைல் தள்ளி இருந்த எங்களுக்கு அது தெரியாது.

பறவை பார்க்கிறவருக்கு மடையானா என்று அம்மா ஒரு தடவை சந்தேகப்பட்டாள். அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

"ஏரியில இருக்கிறது சர்க்கார் பறவை. வயல்ல இருக்கிறது நம்ம பறவை. ரெண்டும் ஒண்ணா?"

அம்மாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சனிக்கிழமை மத்தியானம் வலைக்காரர் சைக்கிளில் வந்தார். கொல்லைப் பக்கம் கூப்பிட்டுப் போய் ஆறு மடையான்களை இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் காலையும் இறக்கையையும் சேர்த்து வாழைநாரால் கட்டியிருந்தது. ஆணி மாதிரிக் கூரான அலகை மட்டும் கட்டவில்லை. அப்பா அவற்றை மாட்டுக்கொட்டகை மூலையில் வைத்து, கோழி கவிழ்க்கிற கூடையால் மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தார். அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றார். மடையான் வறுவல் என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கொள்ளை ஆசை. இலையில் பார்த்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் அத்தையும் மாமாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமா கையில் பழப்பை, கழுத்தில் பைனாகுலர். மறுநாள் விடியற்காலையில் எங்கள் ஊர் ஏரியில் வருஷக் கணக்கெடுப்பு, இரண்டு மணி நேரம் போய்விட்டு வந்துவிடுவேன் என்று கூச்சத்தோடு அனுமதி கேட்டார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மாப்பிள்ளை விருந்து நேரத்துக்குத் திரும்புவதற்கு ஒரு பிணை வேண்டும் என்று நினைத்திருப்பார்.

பனி மூட்டத்தில் ஏரிக்கரையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு கல்லூரி அக்காக்கள், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், பட்டுக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய். பாய்தான் வாய் ஓயாதவர்.

"பொண்டாட்டி வீட்டு விருந்துக்கு வந்துட்டு வாத்து எண்ண வந்த மாப்ள, இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுலயே நீங்க ஒரு ஆளுதான்" என்றார் மாமாவிடம்.

எண்ணுகிற முறை எனக்குப் புதுசு. ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். கூட்டமாக இருந்தால் முதல் பத்தை எண்ணி, அந்த அளவை மனதில் வைத்துப் பத்துப் பத்தாக நகர வேண்டும். என் கையில் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார்கள். மாமா ஒரே ஒரு விதிதான் சொன்னார். கண்ணில் பட்டதை விடக் கூடாது, படாததை எழுதக் கூடாது. நாமக்கோழி, ஊசிவால் வாத்து, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மடையான் நாற்பத்தொன்று. அதில் பாதியை நான்தான் முதலில் பார்த்துச் சொன்னேன். பைனாகுலர் இல்லாமலே.

எண்ணி முடித்துவிட்டுக் கரையோரம் கிடந்த நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்கினோம். இரண்டு சாக்கு நிறைந்தது. அப்போதுதான் பாய் என்னிடம், "உங்க மாமா சந்தையில அடி வாங்குன கதை தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, சந்தையில் மடையான் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் மாமா கெஞ்சியிருக்கிறார். இது சட்டப்படி குற்றம், விட்டுவிடுங்கள் என்று ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். வாங்க வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறார். கடைசியில் விற்கிறவர் அல்ல, வாங்க வந்தவர் ஒருவர் ஓங்கி அறைந்துவிட்டார்.

"எந்தக் கன்னம் மாப்ள, வலதா இடதா?"

"இடது" என்று மாமா குனிந்தபடியே சொன்னார். "பறவைங்களை விட்டாங்களா இல்லியா, அதைச் சொல்லுங்க பாய்."

விடவில்லை என்று பாய் சொன்னார். மாமா சிக்கிய வலையைக் கருவேல முள்ளிலிருந்து பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது எட்டரை மணி. மாமா குளிக்கப் போனார். நோட்டு என்னிடம் இருந்தது. எழுதியதை ஒருமுறை சரிபார்த்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதை விடக் கூடாது. நான் கொட்டகைக்குப் போனேன். கூடை விளிம்பைக் கொஞ்சம் தூக்கினேன், குழவி உருண்டு விழுந்தது. குனிந்து பார்த்து எண்ணினேன். ஆறுதான். கூடையைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு வந்து, மடையானுக்கு நேராக இப்படி எழுதினேன்: ஏரியில் 41, எங்கள் கொட்டகையில் 6.

அப்பா கொல்லையில் வாழை இலை அறுத்துக்கொண்டிருந்தார். என் பெயர் முதல் பக்கத்தில் இருப்பதைக் காட்டத்தான் அவரிடம் நோட்டை நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றார்.

"இது எங்க போவும்?" என்றார்.

மெட்ராஸ் போகும், டெல்லி போகும், வனத்துறைக்கும் ஒரு நகல் போகும் என்று மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். நானே கூடையைத் தூக்கி எண்ணினேன், சரியான எண்ணிக்கைதான் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், சந்தையில் மாமா அறை வாங்கிய கதையையும் சொன்னேன். எந்தக் கன்னம் என்பது உட்பட. அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது அத்தைக்குத் தெரியுமா?"

தெரியும், அத்தைதான் மஞ்சள் பற்றுப் போடச் சொல்லிப் போனில் சொன்னாளாம், அதையும் பாய்தான் சொன்னார், அப்போது நிச்சயம் ஆகியிருந்தது என்றேன். அப்பா நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார். மாமா குளித்துவிட்டு வந்ததும் கொடு என்றார். பிறகு, கடைக்குப் போய் ஒரு கட்டு வெற்றிலை வாங்கிவா என்றார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கட்டு இருந்தது. அதைச் சொன்னேன். மூன்றாவது வேண்டும் என்றார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா கொட்டகையில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடியில் வைக்கோல்தான் இருந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து வைத்தாகிவிட்டது, இப்போது எதைப் போட்டு வறுப்பது என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா காலையில கூடையைத் தூக்கிப் பாத்துருக்கா. சரியா கவுக்கல போலருக்கு" என்றார் அப்பா.

உருண்டு விழுந்த குழவியை நான் திரும்ப எடுத்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பா சாதாரணமாகக் கோபக்காரர். ஒரு மண்வெட்டியை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் தெருவுக்கே கேட்கும். நான் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போனது போவட்டும். சேவலைப் புடி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் இலை அறுக்கப் போய்விட்டார்.

நான் நடுவீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். துண்டு கையிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அடுப்படியைப் பார்த்தார். அத்தை உள்ளே சிரித்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமா மெதுவாக, "இந்த ஆறும் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பறந்துடுச்சு மாமா. நான் கூடையைத் தூக்கிட்டேன்."

"நீயா?"

"ஆமா."

பயத்தில் சொன்னேன். ஆனால் பொய் இல்லை, எனக்குத் தெரிந்தவரை அதுதான் நடந்தது. மாமா பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் எழுதிய ஆறுக்குப் பக்கத்தில் 'பறந்து சென்றன' என்று எழுதினார். எண்ணை அடிக்கவில்லை, திருத்தவில்லை.

விருந்தில் எல்லாம் இருந்தது. விரால் குழம்பு, ஆட்டுக்கறி, மடையானுக்கு அரைத்த மிளகில் வறுத்த சேவல். அப்பா தானே பரிமாறினார். வலது கட்டைவிரலில் வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. மாமா என்ன என்று கேட்டார். இலை அறுக்கும்போது அரிவாள் பட்டுவிட்டது என்றார் அப்பா.

"உங்க பொண்ணு இன்னைக்குப் பெரிய காரியம் பண்ணிருக்கா மச்சான்" என்றார் மாமா.

"அவ எப்பவுமே சொல்பேச்சு கேக்க மாட்டா மாப்ள" என்று அப்பா சொல்லிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி வறுவலை வைத்தார். "சாப்பிடுங்க. கோழியும் பறக்கிறதுதான். வேலி வரைக்கும் பறக்கும்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருஷ தாம்பத்தியத்தில் அவர் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பந்தி முடிந்ததும் அத்தை கிணற்றடியில் அப்பாவின் விரல் துணியை அவிழ்த்து மஞ்சள் வைத்துக் கட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். காயம் கீறலாக இல்லை. உருண்டையாக, ஆணி இறங்கினது போல ஒரு துளை. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில கோழியும் பறக்கும்னு ஒத்துக்கிட்டீங்களே அண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. மஞ்சள் எரிச்சல் அப்பாவுக்குத்தானே, இவளுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளிலிருந்து மாமாவின் குழுவில் நான் ஓர் உறுப்பினர். ஒன்பது வயதில் ஆறு பறவைகளைக் காப்பாற்றிய பெண் என்று பல பள்ளிக்கூடங்களில் மாமா என்னைக் காட்டிப் பேசியிருக்கிறார். ஒரு தடவை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பேசினார். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எல்லோரையும்விட அதிக நேரம் கை தட்டினார். வலைக்காரர் அதற்குப் பிறகு எங்கள் கொல்லைக்கு வரவில்லை. அப்பா ஏரிப் பக்கமும் போகவில்லை.

அன்று அப்பா வனத்துறைக்குப் பயந்திருப்பார் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். பயந்தவர் அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம், ஆறையும் அம்மாவிடம் கொடுத்துக் காடை என்று சொல்லி இலையில் வைத்திருக்கலாம். எது எப்படியிருந்தாலும் கடைசியில் நோட்டில் எழுதியது எழுதியபடியே இருந்தது.

இதெல்லாம் பின்னால் தோன்றியது. அன்று சாயங்காலம் நான் கவனித்தது வேறு. கொட்டகையில் கூடை இருந்த இடத்தில் ஆறு வாழைநார்த் துண்டுகள் கிடந்தன. ஆறிலும் வலைக்காரர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் அரிவாளால் அறுத்த வெட்டு நேராக இருந்தது. கட்டிப்போட்ட பறவை கூடையைத் தூக்கினால் மட்டும் பறந்துவிடாது என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல நார் வீணாகிறதே என்றுதான் தோன்றியது. ஆறையும் பொறுக்கிக் கழுவி, நீளமாக முடிந்து, வேலியோரத்துக் கனகாம்பரத்தைப் பறித்துக் கட்டினேன். எனக்குச் சரியாகக் கட்ட வராது. இடைவெளி விட்டு விட்டு இருந்தது. ஆறு மணி பஸ்ஸுக்கு அத்தை புறப்படும்போது அவள் தலையில் நானே வைத்துவிட்டேன். அப்பா மஞ்சள் கட்டிய விரலோடு பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார்.