ஏரிக்கரையில் கட்டிய கயிறு

இஜ்ஜாவுக்கு மூட்டு வலி. ஆனாலும் கோடைதோறும் எங்கள் மலை ஊரிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கு ஏறிவிடுவாள். வால்நட் தோப்புகளைத் தாண்டினால் சரளைச் சரிவு, அதற்கு மேலே கணவாய், இறங்கினால் பனி உருகிய தண்ணீர். அந்தச் சரிவில்தான் அவள் கணவன் பாறை உருண்டு செத்தான். மேய்ச்சலுக்கு வேறு வழி கிடையாது என்பதால் அவளும் அதிலேயே நடந்தாள்.

அந்த ஆகஸ்டில் ஏரிக்கரையை மறித்துக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே வரிசையாகக் கூடாரங்கள். காற்றுக்கு மறைப்பாக அவற்றைச் சுற்றி அடுக்கியிருந்தவை அவளுடைய ஆட்டுப்பட்டியின் கற்கள். அவள் கணவன் முதுகில் சுமந்து அடுக்கியவை.

சுற்றுலாக் கம்பெனி ஆள் சுஃப்யான் ஓடிவந்தான்.

“அம்மா, இந்தப் பக்கம் வராதீங்க. விருந்தாளிங்க அமைதிக்காக இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காங்க.”

“என் ஆடும் நடந்துதான் வந்திருக்கு. தாகமா இருக்கு.”

“கீழ ஓடையில காட்டுங்க.”

“ஆகஸ்ட்ல ஓடையில தண்ணியா? நீ எந்த ஊரு?”

“மராக்கேஷ் டவுன்.”

“அதான் பார்த்தேன்.”

கம்பெனிக்குக் கோவேறு கழுதை ஓட்டும் அவள் கொழுந்தன் பிஹி, அடுப்படியில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். “அண்ணி, விட்டுக்கொடுங்க. என் பொழப்பு இவங்க கையில இருக்கு.”

“உங்க அண்ணன் கட்டுன பட்டியைப் பிரிச்சாங்களே, அப்பவும் நீ டீதான் போட்டுக்கிட்டிருந்தியா?”

பிஹி குனிந்து அடுப்பை ஊதினான்.

இஜ்ஜா இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்தாள். தண்ணீர் வாசனை பிடித்த ஆடுகள் கூடாரங்களுக்குள் புகுந்து ஓடின. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரித்தபடி படம் எடுத்தாள். இஜ்ஜா கேமராவைக் கையால் மறைத்து, கூடாரத்தைச் சுற்றியிருந்த பட்டிக் கல்லைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பிஹிக்குப் புரிந்தது. கெட்டிலை இறக்கிவைத்துவிட்டு, பட்டி இருந்த இடத்துக்கு முதல் கல்லைத் தூக்கிப் போனான்.

“உனக்கு இனிமே வேலை கிடையாது,” என்றான் சுஃப்யான்.

சொன்னபடியே கம்பெனி எங்கள் ஊரை விட்டுவிட்டு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து கோவேறு கழுதைகளை அமர்த்திக்கொண்டது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், கம்பெனி ஏரியை மறித்துக் கயிறு கட்டியபோது வாய் திறக்காதவர்கள், கூட்டம் கூடி இஜ்ஜாவை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

“எதுக்கு? தண்ணி காட்டுனதுக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுபடி யாரும் கயிறு கட்டவில்லை. பிஹி நகரத்தில் செங்கல் சுமக்கிறான். இன்றும் சில வீட்டார் அவளுக்கு சலாம் சொல்வதில்லை. அவர்களுடைய ஆடுகளும் அந்த ஏரியில்தான் குடிக்கின்றன.