கேட்க ஏதாவது இருக்கிறதா?

ஐம்பத்தேழு வயதில் கினுயே மறுபடி வேலை தேட வேண்டியதாயிற்று. ஜப்பானின் நாகஓகா நகரில் பதினோரு ஆண்டுகளாக முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவள். கடைசியாக இருந்த இடத்தில், குளியல் தொட்டியிலிருந்து ஒரு கிழவரைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் படுக்கை. எழுந்த பிறகும் காலுறை போடுவதற்குச் சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் செலவழித்தாள்.

இன்னொரு முறை இப்படி ஆனால் இந்தத் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று எலும்பு மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஓய்வூதியம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, வேறு தொழில் தெரியாது. அந்த எட்டு ஆண்டுகளும் இடுப்பு தாங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழைய இடத்தில் செய்த தவறு அவளுக்கு நன்றாகவே தெரியும். நேர்காணலின் முடிவில், "கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். "குறிப்பா ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி, குனிந்து வணங்கிவிட்டு எழுந்து வர வேண்டும். விடுப்பு எத்தனை நாள், ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று கேட்கிறவளை உடம்பு வணங்காதவள் என்று எழுதி வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம் அது. கினுயேவும் அப்படியே சொல்லிவிட்டு வந்தாள். முப்பது பேருக்கு இரண்டே ஆட்கள் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது தங்கை ஷிசுயோ ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஐந்து மாடி இல்லம். ஷிசுயோ அங்கேதான் அலுவலகத்தில் இருக்கிறாள். மேலாளரிடம் அக்காவைப் பற்றி அவளே சொல்லி வைத்திருந்தாள். பழைய சம்பளத்தைவிட மாதம் நாற்பதாயிரம் யென் கூடுதல். கினுயே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தானாகத் தேடிப் பிடித்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன இல்லம். பதினெட்டே முதியவர்கள், பழைய சம்பளம்தான், மணிக்கு ஒரு பேருந்து. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றதும் ஷிசுயோ தேநீர்க் கோப்பையை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"இடத்தைப் பார்க்கப் போறியா? மாப்பிள்ளை பார்க்கற மாதிரில்ல பேசற."

"மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுக் கட்டிக்கிட்டேன். இதையாவது நல்லாப் பார்க்கறேன்."

"அக்கா, நாற்பதாயிரம். என் பேரைக் கெடுத்துடாத, அவ்வளவுதான்."

புதிய இல்லத்தின் தரையில் முகம் பார்க்கலாம். நடைவழியில் ஆளைத் தூக்கும் எந்திரங்கள் இரண்டு நின்றன. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஆளை மாற்ற அது இருந்தால் இடுப்புக்கு வேலையே இல்லை. கினுயேவுக்கு மனம் கொஞ்சம் இளகியது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஒன்றின்மேல் துவைத்த விரிப்புகள் அடுக்கியிருந்தன. மற்றொன்றின் கைப்பிடியில் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. எதிரே வந்த ஊழியர்களின் இடுப்பைக் கவனித்தாள். ஏழு பேரில் ஐந்து பேர் இடுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டாதவர்கள்.

மேலாளர் ஹயாசகா மரியாதையான மனிதர். எல்லாம் பேசி முடித்துவிட்டு, கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார்.

"குறிப்பா ஒண்ணும்..." என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்துவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. வெளியில இருக்கற எந்திரத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுப்பாங்க?"

ஹயாசகாவின் பேனா நின்றது. பிறகு சிரித்தார். "தேவைப்பட்டா எடுப்பாங்க. எந்திரத்துல மாட்ட நேரம் ஆகுது பாருங்க. நம்ம ஆளுங்க கையாலயே தூக்கிடுவாங்க. அதுலதான் ஒரு பாசம் இருக்கும்."

பாசத்தால் தூக்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது கினுயேவுக்குத் தெரியும். எலும்பு மருத்துவரின் வாசலில் அவர்களோடு வரிசையில் அவளும் உட்கார்ந்தவள்தான். நன்றி சொல்லி வணங்கிவிட்டு வந்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இல்லத்தில் தரை தேய்ந்து கிடந்தது. கூரையில் மழை ஒழுகிய கறை. தலைவி நரூசே யாருக்கோ கஞ்சி ஊட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே இருபது நிமிடம் தாமதமாக வந்தாள், மன்னிப்பும் கேட்கவில்லை. அங்கேயும் ஓர் எந்திரம் இருந்தது, பழையது. அதன் கைப்பிடியில் துணி நாடா சுற்றி, அந்த நாடாவும் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. கினுயே நின்று பார்க்கும்போதே ஓர் ஊழியர் ஒரு பாட்டியை அதில் மாட்டி நாற்காலிக்கு மாற்றினார். ஆறு நிமிடம் ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

குளியல் நாளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வி இந்த முறை சுலபமாக வந்தது. நரூசே எழுந்து போய், யாருக்கு எந்த நாள் வேலை என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்த ஷிப்டுத் தாளை அப்படியே கழற்றிக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். அது அழகாக இல்லை. அந்த மாதம் இரண்டு பேர் காய்ச்சலில் படுக்க, நரூசேயே ஒன்பது நாள் தொடர்ந்து வந்திருந்தாள். ஆனால் குளியல் நாட்களில் எப்போதும் மூன்று பெயர்கள் இருந்தன.

"கையால தூக்கினா திட்டுவேன்," என்றாள் நரூசே. "சம்பளம் இவ்வளவுதான். அடுத்த வருஷமும் இவ்வளவுதான். பனி கொட்டினா பஸ் நின்னுடும். யோசிச்சு வாங்க."

கினுயே யோசித்தாள், ஆற்றுக்கு அந்தப் பக்கமே போவதென்று முடிவு செய்தாள். தோழிகளோடு ஆண்டுதோறும் போகும் வெந்நீர் ஊற்றுப் பயணத்தை நிறுத்தினாள், செய்தித்தாளையும் நிறுத்தினாள். அதைவிடக் கஷ்டமானது ஹயாசகாவிடம் நேரில் போய் மறுப்பது. தங்கை சொல்லி வைத்த வேலையை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்ல முடியாது. பயற்றுப் பணியாரப் பெட்டி ஒன்றை வாங்கி, துணியில் கட்டி எடுத்துப்போய், குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு வருத்தம் என்றார். ஷிசுயோ தன் மேசையிலிருந்து நிமிரவே இல்லை. புத்தாண்டுக்கும் அழைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பனி முழங்கால் வரை கொட்டி, பேருந்து நின்றுவிட்டது. கினுயே நாற்பது நிமிடம் நடந்து வேலைக்குப் போனாள், நடந்தே திரும்பினாள். அன்று மாலை ஷிசுயோ தொலைபேசியில் வந்தாள், அந்த மறுப்புக்குப் பிறகு முதல் தடவையாக.

"இந்தப் பனியிலயுமா போன? உனக்கு வேணும் இது. எங்க இடம் ரயிலடியிலயே இருக்கு."

"ஆமா, பக்கம்தான்."

"இடுப்பு எப்படி இருக்கு?"

காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள் கினுயே. காலையில் எழுந்தபோது கால்கள்தான் வலித்தன. அறை நடுவில் நின்றபடி, சுவரைத் தேடாமல், முதலில் இடது காலுறையையும் பிறகு வலது காலுறையையும் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு தங்கையைத் தொலைபேசியில் அழைத்தாள்.