ஆக்சிஜன் வந்த நாள்

திருவெறும்பூர் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் நிலவு மண்ணோடு குப்பை கொட்டினேன். நிஜ நிலவு மண் இல்லை. நாமக்கல் பக்கத்துப் பாறையை அரைத்துச் செய்த போலி. அதை வில்லையாக அழுத்தி, உருக்கிய கால்சியம் குளோரைடு உப்பில் முக்கி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மண்ணிலிருக்கும் ஆக்சிஜன் பிரிந்து வரும், உலோகம் தங்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மாதத்துக்குள் வராவிட்டால் என் தற்காலிக வேலை முடிந்துவிடும் என்று மேடம், அதாவது எங்கள் பேராசிரியை, முன்பே சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. உலைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டேன். உப்பு உருக்கும் பாத்திரத்தைச் சாமி முன்னால் காலியாக வைக்க மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் அரிசி டப்பாவைக்கூட அன்று வெறுமையாக வைக்க மாட்டார்கள். காய வைத்திருந்த உப்பை அதில் நிரப்பி வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் தொடவும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் உப்பு கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. எப்படியும் உருகத்தானே போகிறது என்று அப்படியே உலையில் ஏற்றினேன். மதியம் வாயு அளக்கும் கருவியின் திரையில் ஆக்சிஜன் கோடு விறுவிறுவென்று ஏறியது. மேடம் உடனே எங்கள் ஆய்வுக்குப் பணம் தரும் மேலிடத்துக்குப் போன் செய்தார். நான் காட்டூரில் இருக்கும் அப்பாவுக்குச் செய்தேன், அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆறிய வில்லையை வெட்டிப் பார்த்தேன். உலோகம் பேருக்குக்கூட இல்லை. போட்ட மண் போட்டபடி இருந்தது. அந்த ஆக்சிஜன் மண்ணிலிருந்து வரவில்லை. உப்பு ராத்திரி முழுக்கக் காற்றிலிருந்து குடித்த ஈரத்தை மின்சாரம் பிரித்ததில் வந்தது. என் பக்தியின் விளைச்சல். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை நீடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

பிறகு மேடம் அறைக்குப் போய், பாத்திரத்தை நிரப்பி வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, என் எதிரிலேயே போனை எடுத்தார்.

"அன்னைக்குச் சொன்ன ரிசல்ட் தப்புங்க. உப்புல ஈரம் இருந்திருக்கு. நான்தான் சரிபார்க்காம சொல்லிட்டேன்."

மறுமுனையில் நெடுநேரம் பேசினார்கள். அவர் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்ததும், என் வேலையை நீட்டிக்கச் சொல்லி இனித் தன்னால் கேட்க முடியாது என்றார். புரிகிறது என்றேன்.

மிச்சமிருந்த நாட்களில் உப்பை ஒழுங்காகக் காய வைத்து மூன்று தடவை சோதனையை ஓட்டினோம். ஒன்றிலும் ஆக்சிஜன் வரவில்லை. மூன்றையும் உள்ளது உள்ளபடி அறிக்கையாக எழுதி, தன் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போட்டு, மேடம் மேலிடத்துக்கு அனுப்பி வைத்தார்.