உள்ளே விட்ட ஒரு இஞ்ச்

ஜாக்கெட் தைக்கும் கடையில் ஊசியை விட வாய்க்குத்தான் வேலை அதிகம். அநியாயம் நடந்தது எனக்கு: கொடுத்த அளவை அப்படியே எழுதிவைத்த என்னைப் பார்த்து ‘அளவு தப்பு’ என்றார்கள். காலையில் சட்டக் கல்லூரி, மதியத்துக்கு மேல் மும்பை தாராவியில் செல்வி அக்கா கடைக் கவுன்டர், இதுதான் என் பிழைப்பு. எந்தக் கவுன்டருக்குப் பின்னாலாவது நின்று பதில் சொன்னவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

வழக்கில் வென்றேன்

மாட்டுங்கா மாமி ஒருவர், மகள் கல்யாணத்துக்கு உடுத்தப் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். அளவுக்குக் கொடுத்தது எந்தக் காலத்து ஜாக்கெட்டோ! தைத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இறுக்கிப் பிடிக்கறது. அளவு தப்பு” என்றார். சும்மா விடுவேனா? பழையதன் மேல் புதியதை விரித்துக் காட்டினேன். நூலளவும் பிசகவில்லை. “ஏட்டி, பஸ் கர், போதும்” என்று செல்வி அக்கா முணுமுணுத்தது காதில் ஏறவில்லை. “இந்தப் பழசை இப்ப போட்டுக் காட்டுங்க மாமி” என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி சிரித்தே விட்டாள்.

மாமி ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். “நீ சொல்றது ரொம்ப சரி. நான் எதைப் போட்டுண்டு மணையில உட்கார்றது?” என்று இறங்கிப் போய்விட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் உள்ள விட்டுத்தானட்டி தச்சிருக்கு? பிரிச்சு விட அஞ்சு நிமிசம். கேஸ்ல ஜெயிச்சிட்ட, கல்யாண வீட்டுக்காரிய இப்படியா அனுப்புவ?”

மாஸ்டரின் ஒப்புதல்

எங்கள் கட்டிங் மாஸ்டர் காதர் பாய், சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து வருகிறவர். அதே வாரம் ஒரு ஜாக்கெட்டில் கை நீளம் ஒரு இஞ்ச் குறைந்துபோயிற்று. நான் பத்து என்று எழுதியதை அவர் ஒன்பதாக வெட்டிவிட்டார் என்று கத்தினேன். “ஆமாம்மா, எம்மேலதான் தப்பு” என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணியில் பார்டர் வைத்துக் கையை நீட்டிவிட்டார். தைக்கக் கொடுத்தவள், அழகாக இருக்கிறது என்று வாங்கிப் போனாள்.

அப்புறம்தான் அளவு நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில், அழுத்தந்திருத்தமாக, ஒன்பது.

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா பாய்?”

“தெரியும்மா. உன்கிட்ட அதை நிரூபிக்கிற நேரத்துல ரெண்டு கை தச்சிரலாம்.”

அலசாத பட்டு

அக்கா இரண்டு தடவை போன் செய்தும் மாமி எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மூன்று மணி வெயிலில், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். பையைக் கவுன்டரில் வைத்தார். “ஒரு தடவை அலசினேன். சுருங்கிடுத்து.”

புதுப் பட்டை யாராவது அலசுவார்களா? விரித்தேன். ஊக்கில் நூலால் கட்டிய எங்கள் கடைச் சீட்டு அப்படியே தொங்கியது. சொட்டுத் தண்ணீர் படவில்லை. என் பேனா மை கலையவில்லை. இதைவிட நல்ல சாட்சி எனக்கு இனி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. மாஸ்டர் கத்தரியை நிறுத்தினார். அக்கா என்னையே பார்த்தார். மாமியோ தெருவில் போகும் டெம்போவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலை அறுத்து, சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டேன். மூன்று வருடமாக வாதாடப் படிக்கிறவள் கடைசியில் சொன்ன பதில் இவ்வளவுதான்: “சில பட்டு அப்படித்தான் மாமி, சுருங்கும், உட்காருங்க, பிரிச்சு விட்டுர்றேன்.”